ஒரு செம்பு வளையம்

பெரும் பிழைகள் பெரும் அறியாமையினின்றே பிறப்பன என்று எண்ணுதல் உலக வழக்கு. யந்திரங்களோடு பழகியவர் இதனை எளிதில் ஒப்புக்கொள்ளார். அறியாதவன் அஞ்சி அஞ்சித் தொடுவான்; ஐயமுற்றவிடத்துப் பிறரை வினவுவான். நூறு முறை செய்து கை பழகியவனோ, நூற்றோராம் முறை தான் செய்யாததையும் செய்துவிட்டதாக எண்ணி அப்பாற் செல்வான். இவ்வுண்மையை யாம் நூலிற் கற்கவில்லை. காசிமேட்டுக் கரையிலே, எம் தந்தையாரின் உயிரைப் பணயமாக வைத்துக் கற்றோம். அதனை நம் கல்லூரி மாணவர்க்கும், எமக்கு அறிவூட்டிய ஆசிரியப் பெருமக்களுக்கும், எம்மோடு பயின்று இன்று பல திசைகளிற் பிரிந்துள்ள நண்பர்க்கும் இம்மலரின் வாயிலாகச் சொல்ல விழைந்தோம்.

சென்னை மாநகரின் வடபால், இராயபுரத்தை அடுத்துக் கடலோரமாய் அமைந்தது காசிமேடு. தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது அவ்விராயபுரத்திலேதான். தெற்கே பெருந்துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானை அளாவி நிற்கும். வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும் தம் ஆலைப் புகைபோக்கிகளைக் காட்டி நிற்கும். இடையே, விடியுமுன்னரே மீன் ஏலத்தின் பேரொலி எழும் மீன்பிடித் துறைமுகம். கூடைகளும் பனிக்கட்டிப் பெட்டிகளும் டீசல் மணமும் மீன் மணமும் ஒருங்கு கலந்த அவ்விடமே எமக்குத் தொட்டில். எம் தந்தையார் ஒரு விசைப்படகின் ஓட்டுநர். விசைப்படகு என்பது ஏட்டில் எழுதும் சொல். காசிமேட்டில் அதனை 'லாஞ்சு' என்றே வழங்குவர். தந்தையாரின் தமையனாராகிய எம் பெரியப்பா, அத்தகைய லாஞ்சுகள் பலவற்றின் இஞ்சின்களைப் பேணும் மெக்கானிக்.

மீன்கள் இனம் பெருக்கும் பொருட்டுக் கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் விசைப்படகுகள் தொழில் செய்யலாகாது என்று ஒரு தடைக்காலம் உண்டு. முன்னர் 45 நாட்களாக இருந்த அது, 2017-ஆம் ஆண்டு முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாயிற்று. கடலில் வேலை ஓய்ந்திருக்கும் அந்நாட்களிலே கரையில் வேலை மிகும். மரம் பழுது பார்ப்பாரும், வலை பின்னுவாரும், வண்ணம் தீட்டுவாரும், இஞ்சினைக் கழற்றிப் பூட்டுவாருமாக ஒருவருக்கும் ஓய்விராது. அவ்வாண்டு யாம் நம் கல்லூரியில் பௌதிகம் பயிலும் மாணவர். கோடை விடுமுறையில் பெரியப்பாவுக்குத் துணையாகச் சென்றோம். பௌதிகம் கற்றோம் என்னும் செருக்கும் எம்மோடு உடன் வந்தது.

பெரியப்பா நான்காம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். ஆயினும், செய்ய வேண்டிய வேலைகள் யாவற்றையும் ஒரு பலகையில் வரிசையாக எழுதி, இஞ்சின் அறையின் வாயிலில் தொங்கவிட்டிருப்பார். ஒரு வேலை முடிந்ததும் அதன் நேரே சாக்குக்கட்டியால் ஒரு குறி இடல் வேண்டும். "மனசை நம்பாதே தம்பி, பலகையை நம்பு" என்பது அவர் வாய்ச்சொல். யாம் அதனைக் கேட்டு உள்ளூர நகைத்ததும் உண்டு.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, எம் தந்தையார் ஓட்டும் லாஞ்சின் இஞ்சினில் எண்ணெய்க் குழாயைப் பூட்டும் வேலை எம்மிடம் வந்தது. அக்குழாயை இஞ்சினோடு இணைப்பது உள்ளே துளையுடைய ஒரு திருகாணி. குழாயின் முனைக்கு இருபுறமும் ஒவ்வொரு செம்பு வாஷர் இட்டே அத்திருகாணியை முறுக்க வேண்டும். செம்பு மெல்லியது, முறுக்கும்போது தான் நசுங்கி, எண்ணெய் கசிய இடமில்லாமல் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஒரு முறை நசுங்கியது மறுமுறைக்கு உதவாது. புதியதே இடல் வேண்டும். தகர டப்பாவில் புதிய வாஷர் ஒன்றே இருந்தது. அதனை ஒருபுறம் இட்டு, திருகாணி தொலையாதிருக்கும் பொருட்டுக் கையாலேயே சிறிது திருகி வைத்துவிட்டு, மற்றொன்று வாங்கிவர எடுபிடிப் பையனைக் கடைக்கு அனுப்பினோம்.

அவ்வேளையில், பக்கத்து லாஞ்சு ஒன்றைக் கரைக்கு இழுக்க ஆள் போதவில்லை என்று மேலிருந்து குரல் வந்தது. யாம் எழுந்தோம். எழுகையில், 'இன்னும் ஒரு வாஷர்தானே, முடிந்த வேலை போலத்தான்' என்று எண்ணி, பலகையில் அவ்வரிக்கு நேரே குறியை இட்டுவிட்டு மேலேறினோம். கயிறு இழுத்து, வியர்வை துடைத்து, தேநீர் அருந்தி யாம் மீண்டும் கீழே இறங்கியபோது ஒரு மணி நேரம் கழிந்திருந்தது; இருள் பரவத் தொடங்கியிருந்தது. பையன் வாங்கிவந்த பொட்டலம் ஒரு மூலைப் பலகையில் இருந்தது. எம் கண்ணிற் படவில்லை. கண்ணிற் பட்டது எம் குறியே. ஸ்பானரை எடுத்துத் திருகாணியை நன்றாக முறுக்கிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றோம். மறுநாள் பெரியப்பா இஞ்சினைக் கால்மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். எண்ணெய் இன்னும் சூடேறாது தடித்திருந்தமையின் கசிவு ஒன்றும் தோன்றவில்லை.

தடை நீங்கியதும் தந்தையாரும் உடன் அறுவரும் கடலுக்குச் சென்றனர். இரண்டாம் நாள் இரவு, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் தாழ்ந்ததைத் தந்தையார் கண்டார். ஆயின், அம்முள் முன்பும் பலகால் பொய் சொல்லிய முள். ஆதலின் அன்றும் பொய் சொல்லுகிறது என்றே கருதினார். சற்று நேரத்தில் பெருஞ் சத்தத்தோடு இஞ்சின் இறுகி நின்றது. கைபேசி எட்டாத தொலைவு. வயர்லெஸ் அழைப்புக்கு மறுமொழி இல்லை. கச்சான் காற்று அவர்களைக் கரையினின்றும் மேலும் மேலும் அகற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் அவ்வாறு மிதந்த பின்னரே வேறொரு லாஞ்சு அவர்கள் குரலைக் கேட்டு அணுகி, கயிறு கட்டி இழுத்து வந்தது. அதற்கு முன்னரே கரை சேர்ந்த படகுகளிலிருந்தோர், அவர்களைக் காணவில்லை என்று சொல்லியிருந்தனர். எம் அன்னையார் அந்நாட்களில் துறைமுகத்துச் சுவரின் மேல் உண்ணாமலும் பேசாமலும் உட்கார்ந்திருந்த தோற்றத்தை யாம் இன்றும் மறக்க வல்லேமல்லேம்.

எழுவரும் உயிரோடு மீண்டனர். பெரியப்பா இஞ்சினை அவிழ்த்தார்; இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாஷரையே கண்டார்; மூலையிற் பிரிக்கப்படாது கிடந்த பொட்டலத்தையும் கண்டார். படகுக்காரர் சினந்து, கடைக்குச் சென்ற பையனே காலங் கடத்தி வந்து சொல்லாமல் போட்டுவிட்டான் என்று அவன்மேற் பழி சுமத்தி வேலையை விட்டு நீக்கினார். பையன் அழுதானேயன்றி ஒன்றும் எதிர் பேசவில்லை. யாமும் பேசவில்லை. மூன்று நாள் பேசாமலே இருந்தோம் என்பதை இங்கே வெட்கத்தோடு எழுதுகின்றோம். பிழை செய்த கணத்தில் யாம் அறியாதவராயிருந்தோம். அம்மூன்று நாளும் அறிந்தே பிழை செய்தோம்.

நான்காம் நாள் பெரியப்பாவிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் நெடுநேரம் பலகையையே பார்த்திருந்து, பின் சொன்னார்: "தம்பி, வாஷரை மறந்தது பிழை. அது எனக்கும் வரும். செய்யாத வேலைக்குக் குறி போட்டாயே, அது பொய். குறி இல்லாத இடத்தை இன்னொருவன் திரும்பிப் பார்ப்பான். குறி போட்ட இடத்தை எவனும் பார்க்க மாட்டான்." அன்றே அவர் படகுக்காரரிடம் எம்மை அழைத்துச் சென்று உண்மையைச் சொல்லுவித்து, பையனை மீண்டும் வேலைக்கு அழைத்தார். அன்று முதல் அவர் பலகையில் இரண்டு வரிசைக் குறிகள் ஏற்பட்டன: ஒன்று செய்தவன் இடுவது, மற்றது, அவ்வேலையைச் செய்யாத வேறொருவன் கண்ணாற் பார்த்து இடுவது.

இதற்குப் பின் யாம் கல்லூரிப் படிப்பை முடித்து, ஆகாய விமானங்களைப் பேணும் தொழிலைக் கற்று, இன்று மீனம்பாக்கத்தில் அத்தொழிலில் ஓர் இளையவராக இருக்கின்றோம். அக்கல்வியின்போது எமக்குப் பேரதிசயமாகத் தோன்றியது யாதெனில், காசிமேட்டில் யாம் செய்த அதே பிழையை உலகின் தேர்ந்த கைகளும் செய்துள்ளன என்பதே.

டாடா கம்பெனியின் விமானத் தபால் தொடங்கியது 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி. கராச்சியினின்று பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாடா ஓட்டி வந்தார். பம்பாயினின்று பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொணர்ந்தார். அவ்விமானத்திற்கு இஞ்சின் ஒன்றே. பெரும் பயணி விமானங்களுக்கோ இரண்டும் மூன்றும் நான்குமாக இஞ்சின்கள் அமைந்தன. ஒன்று நின்றாலும் மற்றவை காக்கும் என்பது அதன் கருத்து. கருத்து நன்றே, ஆயின், எல்லா இஞ்சின்களையும் ஒரே இரவில், ஒரே வகையாய், ஒரே பிழையோடு தொட்டால் அக்காவல் யாது பயன் தரும்?

1983-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி, அமெரிக்காவின் ஈஸ்டர்ன் கம்பெனிக்குரிய மூன்று இஞ்சின் விமானம் ஒன்று 172 பேரோடு மயாமியினின்று நாசோ நகருக்குப் புறப்பட்டது. எண்ணெயில் வரும் இரும்புத் துகள்களைக் காந்தத்தாற் பிடித்துக் காட்டும் சிறு கருவி ஒன்று ஒவ்வோர் இஞ்சினிலும் உண்டு. முந்திய இரவில் மூன்றிலும் அவற்றை மாற்றியிருந்தனர். எண்ணெய் கசியாதபடி அக்கருவிகளில் இட வேண்டிய ரப்பர் வளையங்கள் மூன்றிலும் இல்லை. வழக்கமாக அக்கருவிகள் வளையம் பூட்டியவாறே தொழிலாளர் கைக்கு வரும். அன்று அவை வேறிடத்தினின்று வளையமின்றி வந்தன. வேலைச் சீட்டிலோ புதிய வளையத்தோடு பூட்டுக என்று தெளிவாக எழுதியிருந்தது. முடிந்ததென்று கையொப்பமும் விழுந்தது. வானில் ஓர் இஞ்சினை விமானி நிறுத்தித் திரும்புகையில், மற்ற இரண்டின் எண்ணெய் முட்களும் பூச்சியத்தைக் காட்டின. மூன்றும் ஒருங்கே கெடுதல் இயலாது, முட்களே பழுது என்று முதலில் அவர்கள் கருதினர். எம் தந்தையார் கருதியதும் அதுவேயன்றோ! பின்னர் அவ்விரண்டும் நின்றன. சுமார் 13,000 அடி உயரத்தினின்று 4,000 அடி வரை விமானம் இஞ்சினின்றியே இறங்கியது. முதலில் நிறுத்திய இஞ்சினை மீண்டும் இயக்க முடிந்தமையின், அனைவரும் மயாமியிற் பிழைத்து இறங்கினர்.

1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி இங்கிலாந்தில் நிகழ்ந்தது எம் கதைக்கு இன்னும் நெருங்கியது. பிரிட்டிஷ் மிட்லண்ட் கம்பெனியின் இரண்டு இஞ்சின் விமானம் ஒன்றினுள் முந்திய இரவில் குழாய்க் கண்ணாடியிட்டுச் சோதனை செய்தனர். வேலையைத் தொடங்கியவர் ஒருவர். இடையில் ஏற்று முடித்தவர் வேறொருவர். அவரையும் பிற அலுவல்கள் அடிக்கடி அழைத்தன. சோதனைக்காகக் கழற்றிய மூடிகளை இரண்டு இஞ்சின்களிலும் மீண்டும் பூட்டவில்லை. இறுதியில் தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டிய முறையும் நடைபெறவில்லை. மறுநாள் பறக்கையில் இரண்டினின்றும் எண்ணெய் ஏறத்தாழ முழுதும் ஒழுகிவிட்டது. விமானி விரைந்து லூட்டன் நகரில் இறக்கியமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. மேலிருந்து வந்த குரலும், யாம் இழுத்த கயிறும், திரும்பியபோது கண்ட குறியும் அந்நிகழ்ச்சியைப் படிக்கையில் எம் கண்முன் நின்றன.

எல்லா நிகழ்ச்சியும் இவ்வாறு நல்லூழில் முடிவதில்லை. 1979-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி சிகாகோவில் எழும்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தின் இடப்பக்க இஞ்சின், தன்னைத் தாங்கும் சட்டத்தோடு பெயர்ந்து வீழ்ந்தது. விமானத்திலிருந்த 271 பேரும் தரையிலிருந்த இருவரும் மாண்டனர். இஞ்சினை முதலிலும் சட்டத்தைப் பின்னரும் கழற்றுக என்பது விமானம் செய்தோர் வகுத்த முறை. பேணியோர் காலத்தை மிச்சப்படுத்த எண்ணி, இரண்டையும் சேர்த்தே ஃபோர்க்லிப்ட் வண்டியால் தாங்கிக் கழற்றிப் பூட்டினர். அதில் நேர்ந்த விரிசல், எட்டு வாரங் கழித்து உயிர்களை வாங்கிற்று. குறுக்குவழி தான் செய்த தீங்கை உடனே காட்டாது. அதுவே அதன் கொடுமை.

நம் நாட்டிலும் இவ்வகைச் செய்தி இல்லாமலில்லை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் 2023-ஆம் ஆண்டில், ஒருவகை இஞ்சினின் சில உறுப்புகளைக் குறித்த காலத்துள் மாற்றுமாறு கட்டளையிட்டது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பெனியின் விமானம் ஒன்றில் அவை உரிய காலத்தில் மாற்றப்படவில்லை என்றும், மாற்றியதாகக் காட்டும்படி பதிவேடு திருத்தப்பட்டது என்றும் கண்டு, இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டித்ததாக, அவ்வாண்டு ஜூலையில் ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. கம்பெனியார் தவற்றை ஒப்புக்கொண்டு, திருத்த நடவடிக்கை எடுத்ததாகத் தெரிவித்தனர். பதிவுகளைக் கண்காணிக்கும் கணினி முறையை மாற்றியபோது தேதி தவறிற்று என்றும் விளக்கினர். அச்செய்தியைப் படித்த அன்று எமக்குச் சினம் எழவில்லை; பெரியப்பாவின் பலகையே நினைவிற்கு வந்தது. சாக்குக்கட்டியாயினும் கணினியாயினும் குறி குறியே.

இனி, இதற்கு மருந்து யாது? கனடா நாட்டின் போக்குவரத்துத் துறையிலிருந்த கார்டன் டூபான்ட் என்பார், பேணுவோர் பிழைக்குரிய காரணங்களைப் பன்னிரண்டாக 1993-ஆம் ஆண்டில் தொகுத்தார். கவனச் சிதறல், பழக்கத்தால் வரும் அலட்சியம், சோர்வு, அவசரம், ஒருவர்க்கொருவர் சொல்லாமை முதலியன அவற்றுட் சில. இவற்றுள் அறியாமையும் ஒன்று, ஆயின் ஒன்றே. காசிமேட்டில் ஒரு மாலையிலேயே யாம் மூன்று காரணங்களையாவது ஒருங்கே நிறைவேற்றியிருந்தோம்.

ஆகவே விமானத் தொழிலில் இன்று சில கட்டுப்பாடுகள் உண்டு. உயிர்க்கேடு விளைக்கத்தக்க வேலையை ஒருவர் செய்தால், வேறொருவர் அதனைத் தனியே பார்த்தல் வேண்டும். இரண்டு இஞ்சின்களிலும் ஒரே வேலையை ஒரே வேளையில் ஒரே ஆள் செய்வதைத் தவிர்த்தல் வேண்டும். வேலையை இடையில் விட்டவர், எங்கே விட்டோம் என்பதை எழுதிவைத்தல் வேண்டும். திரும்பியபின் சில படிகள் பின்சென்றே தொடங்குதல் நன்று. இவற்றிற்கெல்லாம் மேலான கட்டுப்பாடு ஒன்றுண்டு: பிழையைச் சொன்னவனை அச்சுறுத்தாமை. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டு முதல் நாசா நிறுவனம், விமானத் தொழிலாளர் தம் பிழைகளையும் கண்ட ஆபத்துகளையும் பெயர் வெளிப்படாமல் தெரிவிக்கும் ஓர் ஏற்பாட்டை நடத்திவருகின்றது. தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்பெறும் ஒரு பிழை, வேறொரு கொட்டகையில் வேறொரு கையால் மீண்டும் நிகழும். எம் மூன்று நாள் மௌனம் நீண்டிருந்தால், ஏதுமறியாப் பையன் ஒருவன் பிழைப்பை இழந்திருப்பான். பலகையில் இரண்டாம் வரிசையும் தோன்றியிராது.

மாணவ நண்பர்காள்! நீவிர் அனைவரும் இஞ்சின் பூட்டச் செல்பவரல்லீர். சிலர் ஆசிரியராவீர், சிலர் மருத்துவராவீர், சிலர் அலுவலகங்களில் நாள்தோறும் நூறு தாள்களிற் கையொப்பமிடுவீர். படியாத விடைத்தாளுக்கு இடும் மதிப்பெண்ணும், பாராத நோயாளியின் சீட்டில் எழுதும் வரியும், சோதியாத கணக்கின் அடியில் இடும் கையொப்பமும் யாம் அன்று இட்ட சாக்குக்கட்டிக் குறியின் உடன்பிறப்புகளே. நம் பெயரை ஒன்றின் அடியில் எழுதும்போது, நம்மைக் காணாத ஒருவர் அதனை நம்பி நடுக்கடலுக்கோ நடுவானுக்கோ செல்கின்றார் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பெரியப்பா இப்பொழுது தளர்ந்துவிட்டார், படகில் இறங்குவதில்லை. அன்று பழி சுமந்த பையன் இன்று அவருடைய தொழிலை ஏற்று நடத்துகின்றான். சென்ற தடைக்காலத்தில் யாம் அவனைக் காணச் சென்றோம். இஞ்சின் அறையின் வாயிலில் அதே பலகை தொங்கிற்று. ஒரு வரியில் முதற் குறி இருந்தது. இரண்டாம் குறி இல்லை. அவன் எம்மை நோக்கி, "அண்ணே, வந்ததுதான் வந்தீர்கள், கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்துவிட்டுக் குறி போடுங்கள்" என்றான். யாம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கினோம். கைவிளக்கின் ஒளியில் குழாயின் இருபுறமும் இரண்டு செம்பு வளையங்களும் சிவந்து தோன்றின. விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தோம். அதன் பின்னரே மேலேறி வந்து, சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தோம்.